பதினான்கு பக்கங்களில் வற்றாத கிணறு

சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் எனக்கு வேலை. என்ன வேலை என்று உறவுக்காரர்களின் விசேஷங்களில் கேட்பார்கள். கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன் என்பேன். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள் என்பதால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஏதோ டியூஷன் போலிருக்கிறது என்று பந்திக்குப் போய்விடுவார்கள்.

நடப்பது இதுதான். கணினி இணையத்தில் இருக்கும் தமிழ்ப் பக்கங்களை ஒன்றுவிடாமல் படிக்கிறது. படித்ததிலிருந்து தகவல்களைப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதிக்கொள்கிறது. இந்த ஊர் இந்த மாவட்டத்தில் இருக்கிறது, இந்த ஆறு இங்கே பிறக்கிறது, இந்தக் கோயிலில் தேர் இந்த மாதம் ஓடுகிறது என்று. அந்த வரியும், அது எடுக்கப்பட்ட பக்கமும் எங்கள் திரையில் அருகருகே வரும். இரண்டையும் படித்துப் பார்த்து சரி, தவறு, ஐயம் என்ற மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும்.

ஆரம்பத்தில் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஒரு கல்யாண மண்டபத்தின் விளம்பரத்தைப் படித்துவிட்டு, மருதமலையில் எழுநூறு பேர் உட்காரும் ஏசி வசதி உண்டு என்று எழுதிக்கொண்டு வந்தது. சிறுவாணி என்றால் ஒரு வகைக் குளிர்பானம் என்று இன்னொரு நாள். தவறு, தவறு என்று அழுத்துவேன். பழைய சிவப்பு மையின் சுகம் அதில் இருந்தது.

கணினிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தகவலை ஒரே பக்கத்தில் பார்த்தால் அரைகுறையாகத்தான் நம்பும். பத்துப் பக்கத்தில் பார்த்துவிட்டால் முழுசாக நம்பிவிடும். வரியின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு நீண்டுகொண்டே போவதை வைத்து அதன் நம்பிக்கையைத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் ஊர் டீக்கடையும் இதே முறையில்தான் இயங்குகிறது என்பதால் எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை.

கோடு முழுசாகப் பச்சையாகிவிட்ட வரிகளில் சிலவற்றை, எங்களைச் சோதிப்பதற்கென்றே நடுநடுவே கலந்து அனுப்புவார்கள். அதில் போய்த் தவறு என்று அழுத்தினால் மதிப்பெண் குறையும். இல்லை, பக்கம் சொல்வதே பிழை என்று வாதாட வேண்டுமானால் எழுத்தில் ஆதாரம் காட்ட வேண்டும், அதாவது இணையத்தில் இன்னொரு பக்கம். வாயால் சொல்வது செல்லாது. இந்த விதியை எங்கள் குழுவின் ஐந்து பேருக்கும் படித்துக் காட்டியவள் நான்தான். அவர்கள் போட்டதைச் சரிபார்ப்பதும், தகராறு வந்தால் தீர்ப்பதும் என் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

குழுவில் ஒரு பெண் இருந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். வேலையில் அவ்வளவு சுத்தம். எட்டு மாதமாக என்னிடமிருந்து மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் எல்லோரும் டப்பாக்களைத் திறந்து பங்கு போட்டுக்கொள்ளும்போது அவள் மட்டும், கொஞ்சம் வேலை இருக்குங்க மேடம் என்று கடைசியில் வருவாள். எந்த ஊர் என்று ஒருமுறை கேட்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கமுங்க என்றாள். அந்த ரோடு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒரு நாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் மதிப்பெண் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது என்றார். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, இப்படியே இருந்தால் நீட்டிக்க முடியாது என்றும் சொன்னார். விசித்திரம் என்னவென்றால் மற்ற எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறாள். ஒரே ஒரு சோதனை வரி, நான்கு தடவை அவளுக்கு வந்திருக்கிறது. நான்கு தடவையும் தவறு என்று அழுத்தியிருக்கிறாள். ஆதாரம் எதுவும் இணைக்கவில்லை. என்ன ஏதென்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

என் இடத்துக்கு வந்து அந்த வரியைத் திறந்தேன். எங்கள் ஊர்க் கோயில் கிணறு. எக்காலத்திலும் வற்றாதது. பதினான்கு பக்கங்கள். கோடு முழுப் பச்சை.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து உள்ளே போகிற சின்ன ஊர் எங்களுடையது. அது கணினி வரைக்கும் வந்துவிட்டதே என்று முதலில் குளிர்ந்துபோனேன். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து படித்தேன். சுற்றுலாத் தளம் ஒன்று, கோயில்களைப் பட்டியல் போடும் தளங்கள் நான்கைந்து, ஒரு ஜோதிடப் பக்கம், மழைநீர் சேமிப்பைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரை. எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம். 'பஞ்சம் பல வந்தும் பாதாளம் காட்டாத பைங்கிணறு.'

அது என் வாக்கியம்.

முதலில் வந்தது பெருமைதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன். என் வாக்கியம் பதினான்கு இடத்தில் இருக்கிறதே என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த வருடம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அப்பா விழாக் குழுவில் இருந்தார். விழா மலர் அச்சாகிக்கொண்டிருந்தபோது விளம்பரம் தருவதாகச் சொன்ன இரண்டு பேர் பின்வாங்கிவிட, இரண்டு பக்கம் காலியாகிவிட்டது. அச்சகத்துக்காரர் ஆள் அனுப்பிவிட்டார். நீதான் தமிழ் படிச்சவளாச்சே அம்மணி, ஊரைப் பத்தி நாலு வார்த்தை எழுதிக் குடு என்றார் அப்பா. ஒரே மத்தியானத்தில் எழுதினேன். ஊருக்கு வரலாறு என்று பெரிதாக எதுவும் எனக்குத் தெரியாது. ஆகவே மோனைக்கு மோனையாக அவிழ்த்துவிட்டேன். கிணற்றுக்கு வந்தபோது அந்தப் பைங்கிணறு தானாக வந்து விழுந்தது. கிணறு வற்றியது எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை, மறக்கவில்லை. நன்றாக வந்த வாக்கியத்தை அடிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். பின்னால், ஆளாளுக்குப் பிளாக் ஆரம்பித்த காலத்தில் நானும் ஒன்று ஆரம்பித்து, போடுவதற்கு வேறு சரக்கு இல்லாமல் அந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்து போட்டேன். அங்கிருந்துதான் எல்லோரும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பதினான்கு பேர் சொன்னார்கள் என்று கணினி நம்பியது. சொன்னது நான் ஒருத்திதான்.

அந்தப் பெண்ணைச் சின்னக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டேன். வரியை என் மடிக்கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, என்ன கண்ணு இது, நாலு தடவை என்றேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. "அந்தக் கெணறு வத்துச்சுங்க மேடம்" என்றாள். "எங்கப்பா உள்ள எறங்கி வெட்டுனாருங்க. அதுல ரெண்டு வெரல் போச்சுங்க."

எனக்குச் சுரீர் என்றது. இரண்டு விரல் இல்லாத கை ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவருடைய இடது கை. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும், எனக்குப் பத்து. நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். வாடா என்பேன், எங்கடா போனே என்பேன். எங்கள் தோட்டத்தில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் கூப்பிட்டோம். நாங்கள் கொங்குக்காரர்கள், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை என்று ஊர் ஊராகப் போய்ப் பெருமை பேசுவோம். அந்த மரியாதை தோட்டத்துக் காலனி வரைக்கும் போனதில்லை.

நான் யார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே தெரியும் என்றாள். சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டாளாம். அந்தக் கட்டுரையை நான்தான் எழுதினேன் என்பதும் தெரியும். மலரில் என் பெயர் இருக்கிறது, அவர்கள் வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது.

ஆதாரம் இல்லாவிட்டால் ஐயம் என்று போட்டிருக்கலாமே, மதிப்பெண் குறைந்திருக்காதே என்றேன். கேட்கும்போதே கேட்கக் கூடாது என்று தெரிந்தது.

"எனக்கு ஐயம் இல்லீங்களே மேடம்" என்றாள்.

விதிப்படி அவளுக்கு ஒரு பக்கம் வேண்டும். கிணறு வற்றியது என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். இறங்கியவர்கள் யாரும் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவள் எழுதியது பைங்கிணறு. சரி, அப்படியானால் நானே எழுதுகிறேன், உன் அப்பாவைப் பார்த்து விவரம் கேட்டு எழுதுகிறேன் என்றேன். பெரிய மனசு பண்ணுவதாக எனக்கு ஒரு நினைப்பு. அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். ஞாயித்துக்கிழமை வாங்க என்றாள்.

ஊருக்கு மாதம் ஒருமுறையாவது போய்க்கொண்டிருந்தவள்தான் நான். அந்தத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை. வீடு நன்றாகக் கட்டியிருந்தார்கள். வாசலில் இரண்டு ஸ்கூட்டர் நின்றது. அவர் பிற்பாடு தோட்ட வேலையை விட்டு ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாங்க சின்னம்மணி என்றார். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவர் சுவரோரமாக நின்றார். உட்காருங்க என்று இரண்டு முறை சொன்னேன். இருக்கட்டுமுங்க என்றார். மகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றுகொண்டாள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த பஞ்சத்தில் கிணறு வற்றியதல்லவா என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எந்தப் பதில் எனக்கு வேண்டும் என்று அதில் தேடினார். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். அப்பா முன்னால் அவர்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள்.

"மலருல நீங்க எழுதுனதப் புள்ள படிச்சுக் காட்டுச்சுங்க" என்றார். "நல்லா இருந்துச்சுங்க. அப்படியே இருக்கட்டுமுங்க. ஊருக்கு நல்ல பேருதானுங்களே."

மகள் உள்ளே போய்விட்டாள். உள்ளே பாத்திரம் ஒன்று சத்தமாக வைக்கப்பட்டது.

கூனிக் குறுகிப் போனேன். அவருடைய மகள் அவருக்காக நான்கு தடவை தவறு என்று அழுத்தி, வேலையைப் பணயம் வைத்திருக்கிறாள். அவர் என் முகம் வாடக் கூடாது என்று பொய்யைச் சரி என்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் வந்திருப்பது விவரம் கேட்க அல்ல. ஆதாரம் கேட்க. கம்பெனி அவளிடம் கேட்டதையே நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாயால் சொல்லிவிட்டால், அவர் இப்படிச் சொல்கிறார் என்று எழுதிவிட்டு நான் நழுவிக்கொள்ளலாம். அங்கே நின்று பார்த்தவள் நானும்தான் என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டை மூடி வைத்தேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள் என்றேன். அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. கிணற்றின் அடியில் சேறு கூட இல்லை, பாறை தெரிந்தது. காலனியிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். நான் கோயில் மதில் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வெடி வைக்கும்போது மட்டும் அம்மா வந்து இழுத்துக்கொண்டு போவாள். கல் ஏற்றிய கூடை ஒரு நாள் கயிறு அறுந்து விழுந்தது. கையை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு அவர் மேலே வந்ததைப் பார்த்தேன். பிறகு ஒரு சாயங்காலம் ஊற்று வந்தது. முதல் குடம் கோயிலுக்குப் போனது, இரண்டாவது குடம் எங்கள் வீட்டுக்கு. அதற்குப் பிறகு காலனிப் பெண்கள் குடங்களைக் கொண்டுவந்து கிணற்றுக்குத் தள்ளி வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். எங்கள் ஆட்கள்தான் சேந்தி, தள்ளி நின்று ஊற்றினார்கள். உள்ளே இறங்கி வெட்டியவர்கள் மேலே நின்று ஒரு வாளி இறைக்கக் கூடாது. மறுநாளும் அப்படித்தான். நான் வாளியை எடுத்து ஊற்றுகிறேன் என்று அடம்பிடித்து, இரண்டு குடத்துக்கு நானே ஊற்றினேன். எனக்கு அது விளையாட்டாக இருந்தது.

மகள் மறுபடி கதவருகே வந்திருந்தாள்.

அவர் நகர்ந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, "பதினெட்டு நாளுங்க" என்றார். "ஆறு பேரு எறங்குனோம். நாலு பேரு இப்ப இல்லீங்க. பேரு சொல்லட்டுங்களா?"

சொல்லுங்க என்றேன். ஒவ்வொரு பெயராக, அவரவர் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார். தன் பெயரைக் கடைசியில் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அந்தப் பெயர்கள் இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்கின்றன, இங்கே தேவையில்லை.

அன்றைக்கே என் பழைய பிளாக்கைத் திறந்து, கட்டுரைக்கு மேலே, நான் எழுதியது பொய், தெரிந்தே எழுதியது என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதினேன். மோனை எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன். குடங்களைத் தள்ளி வைத்ததை எழுத மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. திங்கட்கிழமை மேலாளரிடம் போய், அந்தச் சோதனை வரியின் மூலம் நான்தான், அந்தப் பெண் நான்கு தடவையும் சரியாகத்தான் போட்டிருக்கிறாள் என்றேன். அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். வரியைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவளுடைய மதிப்பெண்ணைத் திருத்தினார்கள், ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

ஊரில் என்ன ஆனது என்று கேட்கக் கூடாது. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. குடும்ப மானத்தை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டாயே என்று அண்ணி மட்டும் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பதினான்கு தளங்களுக்கும் கடிதம் எழுதினேன். இரண்டு தளங்கள் வாக்கியத்தை நீக்கின. ஒன்று மட்டும் பதில் போட்டது. புதிய கட்டுரையும் அருமை, படத்தோடு வெளியிட அனுமதி உண்டா என்று கேட்டிருந்தது. மற்றவை அப்படியே இருக்கின்றன. ஆகவே கணினியின் பச்சைக் கோடு நகக்கண் அளவுக்குத்தான் குறைந்தது. என் ஒரு பக்கத்துக்கு எதிரே பன்னிரண்டு பக்கம்.

மூன்று வாரம் கழித்து என் பிளாக்கைக் கணினி படித்தது. அதிலிருந்து புதிதாக ஒரு வரி எடுத்து எங்கள் குழுவுக்கு அனுப்பியது. கோயில் கிணற்றை வெட்டியவர்கள் என்று ஆறு பெயர்கள். ஆதாரம் ஒரே பக்கம், கோடு துளிப் பச்சை. பழைய வரியையும் அது விட்டுவிடவில்லை. கிணறு எக்காலத்திலும் வற்றாதது என்பதும், வற்றிய கிணற்றை ஆறு பேர் பதினெட்டு நாள் வெட்டினார்கள் என்பதும் அதனிடம் ஒன்றாகவே இருந்தன. திட்டலாம் என்று வாயெடுத்தேன், வரவில்லை. நாற்பது வருடமாக நானும் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தேன்.

அந்தப் புதிய வரி அவளுடைய திரைக்கு வந்தது. எழுந்து என் இடத்துக்கு வந்தாள். "எங்கப்பா பேரு இருக்குதுங்க மேடம். நான் போடலாங்களா?"

சொந்தக்காரர்களைப் பற்றிய வரியை நாமே போடக் கூடாது என்பது விதி. எழுதியவளும் போடக் கூடாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வரியைக் குழுவில் இருந்த தஞ்சாவூர்க்காரருக்குத் தள்ளினேன். எங்கள் ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அவர் பக்கத்தைத் திறந்து படித்தார். மற்ற வரிகளுக்கு எடுத்துக்கொள்வதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"மேடம், வெட்டினவங்க அந்தக் கிணத்துல தண்ணி எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. இது நிஜமா?"

பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துப் போடுங்கள், வாயால் சொல்வது செல்லாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். விதியைப் படித்துக் காட்டியவள் நான்தான். மூன்று நாற்காலி தள்ளி அவள் கைகளை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு, திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நிஜம்தானுங்க" என்றேன். "நான்தான் தள்ளி நின்னு ஊத்துனேன்."

அவர் திரும்பிச் சரி என்று அழுத்தினார். அவளுக்கு அடுத்த வரி வந்தது, அதைப் படிக்க ஆரம்பித்தாள்.